மாமனார் வீட்டு மாமரத்தில் ஓர் ஆர்க்கிட்

என் மாமனார் பேசுவதில் பாதி எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. காது நன்றாகத்தான் கேட்கிறது. அவர் சொல்வதெல்லாம் தெரிந்த வார்த்தைகள்தான். ஆனால் எதற்காகச் சொல்கிறார், யாரைச் சொல்கிறார், நான் சிரிக்க வேண்டுமா, பதில் சொல்ல வேண்டுமா, அது மட்டும் பிடிபடாது. "இன்னா வெயிலு பாத்தீங்களா மாப்ள" என்பார். அன்றைக்கு முழுக்க எனக்கு அதே யோசனையாக இருக்கும். வெயிலைத்தான் சொன்னாரா, இல்லை நான் ஏசியை அணைக்காமல் ஆபீஸ் போனதைச் சொன்னாரா?

இப்படி மண்டையைக் குடைந்துகொள்ளக் காரணம் உண்டு. நான் வீட்டோட மாப்பிள்ளை. சொல்லியாகிவிட்டது, இனி வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது. சிட்லபாக்கத்தில் அவர் வீட்டுக்கு நாங்கள் வந்தது ஆறு மாதத்துக்கு என்றுதான். மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது. என் மனைவி ஒரே பெண். கூட இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. மேடவாக்கத்தில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, சாமான்களோடு வந்து இறங்கினோம். மாமியார் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்தது. "கிளம்பட்டுமா" என்று நான் கேட்கவில்லை. "கிளம்புங்க" என்று அவரும் சொல்லவில்லை, "இருங்க" என்றும் சொல்லவில்லை. யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் இவ்வளவு பேஜார் இல்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

என் பக்கத்துச் சொந்தக்காரர்கள் மட்டும் வாயை நன்றாகத் திறப்பார்கள். தாம்பரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். என் பெரியம்மா பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, நாலு இலை தள்ளி இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி, "ஏம்ப்பா, இன்னும் மாமனார் வீட்லதானா?" என்றார். வாயில் இருந்த ஜாங்கிரி அப்படியே நின்றுவிட்டது. "ஆமா பெரிம்மா" என்றேன். "நல்லது நல்லது, கொடுத்து வச்சவன்" என்றார். அந்த "நல்லது நல்லது" இருக்கிறதே, அதைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

இந்த நிலைமையில்தான் அந்த ஆர்க்கிட் எங்கள் வீட்டுக்கு வந்தது. நாவலூரில் என் ஆபீஸில் ஏதோ விழாவுக்காக மேஜைக்கு ஒரு தொட்டி வைத்திருந்தார்கள், ஊதாப் பூவோடு. பூ உதிர்ந்ததும் எல்லாரும் தொட்டியைக் குப்பைக்கூடை பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வண்டியில் வந்தேன். சோழிங்கநல்லூர் சிக்னலில் அரைமணி நேரம் நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், அடப்பாவி, உள்ளே மண்ணே இல்லை! கரித்துண்டு, உடைந்த செங்கல், தேங்காய் மட்டை. எவனோ நன்றாக ஏமாற்றியிருக்கிறான் என்று எனக்குப் பயங்கரக் கோபம். வேர் பாதி தொட்டிக்கு வெளியே வெள்ளை வெள்ளையாக ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. கேம்ப் ரோடு நர்சரிக்குப் போய் செம்மண்ணும் மண்புழு உரமும் வாங்கிவந்து, ஒரு வேர்கூட வெளியே தெரியாமல் புதைத்து, நன்றாக அழுத்திவிட்டேன். மாமனார் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"மண்ணக் கண்டா எல்லாம் பொழச்சிக்கும் மாப்ள" என்றார்.

செடியைத்தான் சொல்கிறார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவர் போய் பக்கெட்டை எடுத்துவந்து தண்ணீர் ஊற்றினார். எங்கள் வீட்டில் குடிதண்ணீர் மெஷினிலிருந்து கழிவாக வரும் தண்ணீரை ஒரு சொட்டுகூடச் சாக்கடையில் விடக் கூடாது. சமையலறையில் ஒரு பக்கெட்டில் பிடித்து வைத்து, செடிக்கும் மரத்துக்கும் அதைத்தான் ஊற்றுவார். பக்கெட்டின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்தாற்போல் உப்பு படிந்திருக்கும். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடின ஊர் இது. கழிவுத் தண்ணீரைக் கீழே ஊற்ற இங்கே யாருக்கும் மனசு வராது.

கொஞ்ச நாளில் இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தது. தோண்டிப் பார்த்தேன். வேரெல்லாம் பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது. ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன். காலிலிருந்து சாக்ஸ் கழல்கிற மாதிரி மேல்தோல் கையோடு வந்துவிட்டது. உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நின்றது.

அப்புறம்தான் போனில் தேடிப் படித்தேன். முதலில் செய்ய வேண்டிய வேலையை நான் எப்போதும் கடைசியில்தான் செய்வேன். இந்தச் செடி மண்ணில் வாழ்கிற சாதியே இல்லையாம். காட்டில் மரக்கிளையில் உட்கார்ந்துகொண்டு வாழுமாம். அதன் வேருக்கு மேலே பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கிறது. மழை பெய்தால் அந்தப் பஞ்சு சட்டென்று தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பிறகு காற்றில் காய வேண்டும். காயாமல் நனைந்தபடியே கிடந்தால் மூச்சு முட்டி அழுகிவிடும். உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது. ஆக, வீடு கட்டிக் கொடுக்கிறேன் பேர்வழி என்று நான் அதை உயிரோடு புதைத்திருக்கிறேன். மாமனார் தன் பங்குக்கு உப்பு போட்டிருக்கிறார்.

நல்ல வேர் இரண்டோ மூன்றோதான் மிச்சம். அழுகினதையெல்லாம் வெட்டிவிட்டு, என் மனைவியின் பழைய துப்பட்டாவை நாடா நாடாவாகக் கிழித்து, கொல்லையில் இருக்கும் மாமரத்தின் தாழ்ந்த கிளையில் செடியைக் கட்டினேன். பக்கெட் தண்ணீருக்குத் தடை போட்டேன். படுக்கையறை ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது என்று படித்ததால், அதைப் பிடித்துக் காலையில் தெளித்தேன். ரொம்ப நாள் ஒன்றும் நடக்கவில்லை. இருக்கிறதா செத்துவிட்டதா என்றே தெரியாமல் தண்ணீர் தெளிப்பது மகா எரிச்சலான வேலை.

ஒருநாள் பச்சைப் பென்சில் முனை மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. இலை என்று நினைத்தேன். வேர்! அது கீழே தொங்காமல், வளைந்து வந்து மரப்பட்டையைத் தொட்டது. தொட்ட இடத்தில் தட்டையாகிப் பட்டையோடு பட்டையாகப் படிந்துகொண்டது. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம். தண்ணீர் பட்டால் கண்ணெதிரே பச்சையாகும். பல் விளக்கிக்கொண்டே அதைப் பார்த்து நின்று, வாயில் நுரையோடு ஆபீஸுக்கு லேட் ஆன நாட்கள் உண்டு.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சவில்லை என்றால் இது எதைத் தின்று வாழ்கிறது? மழையில் கரைந்து வருகிற தூசி, மக்கின இலைத்தூள், காக்கா எச்சம், இவ்வளவுதான் உரம் என்று போட்டிருந்தது. சாப்பாட்டை இலை வெயிலில் சமைத்துக்கொள்கிறது. அந்த வெள்ளை வேருக்குள்ளும் பச்சை இருக்கிறது, அதுவும் தன்னால் ஆனதைச் சமைக்கிறது. இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப மரம் எதுக்கு?" என்றாள்.

"நிக்க ஒரு இடம் வேணும்ல. அதுக்கு."

"வாடகைகூட இல்லாமலா?" என்று சிரித்தாள்.

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "எல்லாத்துலயும் வாடகை பேசாத" என்று கத்திவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

பிறகு மாமனார் வந்து பார்த்தார். அவர் வீட்டில் பரம்பரையாக விவசாயம். வயல் மனைகளாகி, மெயின் ரோட்டில் கடைகளாகி, அதிலிருந்து வாடகை வருகிறது. ஆனால் மரம் மட்டை விஷயத்தில் அவர் இன்னும் விவசாயிதான். கிளையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்து, "இது இன்னா மாப்ள, புல்லுருவியா?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆவேசம் வந்ததோ. "ஐயோ இல்ல மாமா! புல்லுருவி வேற, இது வேற. புல்லுருவி மரத்துக்குள்ளயே வேரை இறக்கி உறிஞ்சும். இது சும்மா பிடிச்சுக்கிட்டு மட்டும்தான் இருக்கு. மரத்துலேர்ந்து ஒரு சொட்டு எடுக்காது மாமா. நாம பிச்சு எடுத்தா இதுக்குத்தான் கஷ்டம், வேர் அறுந்து செத்துடும்." கோர்ட்டில் எனக்கே ஜாமீன் கேட்கிற மாதிரி பேசினேன்.

முழுக்கக் கேட்டார். "ஒட்டிக்கினு கீறது ஒட்டிக்கினு கீறதுதான மாப்ள" என்று சொல்லிவிட்டுப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ஆபீஸில் எனக்கு வேலையே ஓடவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. நான் ஆர்க்கிட் கட்டின அதே கிளையின் நுனி மட்டும் அந்த வருஷம் தளதளவென்று இருந்தது. தடித்த இலை, கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சள் பூ, எந்நேரமும் குட்டிக் குட்டிக் குருவிகள். மரத்தின் மற்ற பாகமெல்லாம் வாடிக் கிடந்தது. என் ஆர்க்கிட் வந்த ராசி என்றே நம்பினேன். படம் எடுத்து, "எங்க வீட்டு மாமரம் பூத்தாச்சு" என்று குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். பெரியம்மா உட்பட எல்லாரும் இதயம் அனுப்பினார்கள்.

மாமனார் அதை என் மனைவியின் போனில் பார்த்தார். "மாம்பூ எப்பலேர்ந்து மாப்ள செவப்பா பூக்குது?" என்றார். கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கிளையில் ஓர் இடம் வீங்கின முட்டி மாதிரி புடைத்திருந்தது. அதற்கு மேல் தளதளவென்று இருந்ததெல்லாம் மாமரமே இல்லை. அதுதான் புல்லுருவி. குருவி வந்து விதையை ஒட்டிவிட்டுப் போக, அது உள்ளே வேர் இறக்கி, மரம் குடிக்க வேண்டியதைத் தான் குடித்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி மாமரத்தின் சொந்தச் சுள்ளிகள் காய்ந்து நின்றன.

பரதேசி மாதிரி வேரைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது நிரபராதி. நான் நாலு பேருக்குக் காட்டிப் பெருமைப்பட்டது திருடன். எது மரம், எது மரத்தைத் தின்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் என்னைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் இந்த வீட்டில் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறேனா, உறிஞ்சிக்கொண்டிருக்கிறேனா?

"ஆள வுட்டு வெட்டணும்" என்றார் மாமனார். "ஒட்டிக்கினு கீறத வெட்டி எறிஞ்சாத்தான் மரம் பொழைக்கும்."

"எல்லாத்தையுமா மாமா?"

"பின்ன?" என்றார்.

அந்தப் "பின்ன"தான் என்னைக் கிளப்பியது. மறுநாளே மனைவியிடம், நாவலூரில் ஆபீஸ் பக்கமாகவே ஒரு பிளாட் பார்த்துப் போய்விடலாம் என்றேன். "அப்பா?" என்றாள். "அவருக்கும் அதுதான் வேணும் போல" என்றேன். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் கூட வந்தாள். மாதிரி பிளாட் பதினோராவது மாடியில் இருந்தது. பால்கனியில் நின்றால் ஒரு பக்கம் சதுப்பு நிலம், மறுபக்கம் பெரும்பாக்கத்துக் குடியிருப்பு வரிசைகள். கொடுத்த விளம்பரத் தாளை வாங்கிவந்து ஃபிரிட்ஜ் மேலே வைத்தோம். அப்பாவிடம் யார் சொல்வது என்பதில் எங்களுக்குள் தினம் சண்டை. "நீ சொல்லு." "நீங்க சொல்லுங்க." "உங்க அப்பாதானே." "உங்க முடிவுதானே." இப்படியே போனது. அவர் சாப்பிட்டுக்கொண்டே ஒருநாள், "நாவலூர்ல காத்து நல்லா வருமாமே" என்றார், யாரிடம் என்று இல்லாமல். நாங்கள் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை போய் முன்பணத்தைப் பற்றிப் பேசிவிட்டு மத்தியானம் திரும்பினோம். கேட் பக்கத்தில் வெட்டின தழை மலை மாதிரி கிடந்தது. கொல்லைக்கு ஓடினேன். கிளை இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம். நுனி மட்டுமில்லை, என் ஆர்க்கிட் இருந்த பாகமும் சேர்த்து, அடியோடு அறுத்திருந்தார்கள். தழைக் குவியலைக் கையால் கிளறினேன். புல்லுருவிப் பூதான் கிடந்தது. துப்பட்டா நாடாகூட இல்லை.

இத்தனை வருஷத்தில் நான் அந்த வீட்டில் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினேன். "மாமா! மாமா!" என்று கத்தினேன். "ஒட்டிக்கிட்டு இருக்கறதெல்லாம் வெட்டி எறியணும்னீங்களே, வெட்டியாச்சுல்ல? எங்களயும் எதுக்கு வச்சிருக்கீங்க? சொல்லிட்டா போயிடறோம். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுங்க மாமா, எத்தன வருஷமா நான் பைத்தியக்காரன் மாதிரி யோசிச்சிக்கிட்டே இருக்கறது?" அழுகை வந்துவிட்டது. வெட்கக்கேடு, ஆனால் வந்துவிட்டது.

மாமனார் கார் ஷெட்டிலிருந்து வந்தார். கையில் ஒரு கட்டை. இரண்டு பக்கமும் சீராக அறுத்து, இரண்டு முனையிலும் ஓட்டை போட்டுக் கம்பி கோத்திருந்தது. அதன் மேல் என் ஆர்க்கிட் அப்படியே இருந்தது. ஒரு வேர்கூட அறுபடவில்லை. இப்போதுதான் தண்ணீர் தெளித்திருக்கிறார், வேரெல்லாம் பச்சையாக இருந்தது.

"இன்னா மாப்ள சொல்றீங்க?" என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "நா யார வெட்டி எறியச் சொன்னேன்? முட்டிக்குக் கீழ அறுத்தாத்தான் புல்லுருவி வுடும். இது அந்தக் கெளையிலயே கீது. பிச்சா செத்துடும்னு நீங்கதான சொன்னீங்க. அதான் மரத்தோடவே எடுத்துட்டேன். புது வூட்டுக்கு எடுத்துக்கினு போணும்ல."

"புது வீடா?"

"ஃபிரிட்ஜு மேல கீதே. நானும்தான் பாத்தேன்." கட்டையை என் கையில் கொடுத்தார். "ஏசித் தண்ணிதான் ஊத்தினேன். பக்கெட்டுத் தண்ணி ஊத்தல."

நான் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கனமாக இருந்தது. "நீங்க எங்கள அனுப்பணும்னு நினைக்கல?"

"நா அனுப்பறதா? இது யாரு வூடு மாப்ள?"

"உங்க வீடு மாமா."

"பேப்பர்ல என்னுது. அவ போன அன்னிக்கே எனக்கு வூடு முடிஞ்சுபோச்சு. காலைல எழுந்தா அடுப்புச் சத்தம் உங்களுது, டிவி சத்தம் உங்களுது, சோறு உங்களுது. நா ஒரு மூலைல ஒட்டிக்கினு கீறேன். நீங்க எப்பப் பிச்சிப் போடுவீங்களோன்னு நெனச்சிக்கினே ஓட்டிட்டேன். கேக்க பயம். கேட்டா எங்க, ஆமா கெளம்பறோம்னுடுவீங்களோன்னு."

கொல்லைக் கதவருகே என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு எல்லாம் தலைகீழாகிவிட்டது. வெயிலைப் பற்றி அவர் சொன்னது வெயிலைப் பற்றித்தான். "ஒட்டிக்கினு கீறது" என்று அவர் சொன்னது என்னையில்லை. இத்தனை நாள் ஒரே கூரையின் கீழே இரண்டு பேரும் தன்னைத்தான் அடுத்தவன் சொல்கிறான் என்று பயந்துகொண்டு சாப்பிட்டிருக்கிறோம்.

"அந்த வூட்டு பால்கனில கொக்கி கீதா?" என்றார்.

"இல்ல மாமா. போட்டுக்கலாம்."

"ரெண்டா போடுங்க."

"ரெண்டு எதுக்கு?"

"இதுக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு." சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. "நானும் வர்றேன் மாப்ள. எனக்கு ஒண்ணும் பெரிசா வேணாம். நிக்க எடம் இருந்தா போதும்."

கார் ஷெட்டைப் பார்த்தேன். அங்கே உத்தரத்தில் பழைய கொக்கி ஒன்று இருக்கிறது, என் மனைவி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊஞ்சல் கட்டினது. "மாமா, ஸ்டூல் எங்க இருக்கு?" என்றேன்.

"எதுக்கு?"

"இங்கயே மாட்டிடலாம்."

அவர் போய் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். நான் ஏறினேன். அது ஆடுகிற ஸ்டூல். "பாத்து மாப்ள, பாத்து" என்று என் கால் இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கம்பியைக் கொக்கியில் மாட்டி, கட்டை நேராகத் தொங்குகிறதா என்று பார்த்து, "ஆச்சு மாமா, வுடுங்க" என்றேன். அவர் விடவில்லை.